தொழில் மாற்றத்தைத் தெரிவுக்குழுவிற்கு எழுதுவது எப்படி: பட்டப்பின் படிப்பு விண்ணப்பதாரிகளுக்கான முழுமையான வழிகாட்டி

வங்கியில் பல ஆண்டுகள் கடன் பிரிவில் இருந்த ஒருவர் தரவு விஞ்ஞானத்தில் முதுமாணி படிக்க விண்ணப்பிக்கிறார். கட்டடப் பொறியியலாளர் ஒருவர் பொதுக் கொள்கை படிக்க விரும்புகிறார். ஆங்கில ஆசிரியை ஒருவர் உளவியலுக்கு மாற நினைக்கிறார். கொழும்பில் இத்தகையவர்களின் எண்ணிக்கை பெருகிவருகிறது. ஆனால் பேர்சனல் ஸ்டேட்மென்ட் எனப்படும் தன்விளக்கக் கூற்றை எழுத அமர்ந்ததும் இவர்கள் அனைவரையும் ஒரே அச்சம் பிடித்துக்கொள்கிறது. இத்தனை காலம் ஒன்றைச் செய்துவிட்டு இப்போது ஏன் வேறொன்று என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதே அந்த அச்சம். அதன் விளைவாக, கூற்று ஒரு மன்னிப்புக் கடிதத்தின் தொனியைப் பெற்றுவிடுகிறது, அல்லது பழைய தொழிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் மறைத்துவிடுகிறது. இரண்டுமே விண்ணப்பத்தைப் பலவீனப்படுத்தும்.

தெரிவுக்குழு தொழில் மாற்றத்தைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. நீங்கள் நுழைய விரும்பும் துறை உண்மையில் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா, அதன் பாடங்களைத் தாங்கும் அடிப்படை உங்களிடம் உண்டா, உங்கள் பழைய அனுபவம் வகுப்பறைக்கு எதையாவது கொண்டுவருமா ஆகிய மூன்றையுமே அது அறிய விரும்புகிறது. தொழில் மாற்றத்தைப் பற்றி நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குச் சான்றாக அமைய வேண்டும். அவ்வாறு அமையாத வாக்கியம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதை நீக்கிவிடலாம்.

முதற்படி: எந்த ஆவணம் கேட்கப்படுகிறது என்பதை உறுதிசெய்தல்

ஒரே பெயரில் வெவ்வேறு ஆவணங்களும், வெவ்வேறு பெயர்களில் ஒரே ஆவணமும் கேட்கப்படுவதுண்டு. லண்டன் பொருளியல் கல்லூரி, கல்வி நோக்கக் கூற்று என்ற பெயரில் 1,000 முதல் 1,500 சொற்கள் வரை கேட்கிறது. அதில் குடும்பக் கதைக்கு ஏறக்குறைய இடமே இல்லை. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் நோக்கக் கூற்று ஒன்றையும் தனிப்பட்ட வரலாற்றுக் கூற்று ஒன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசில் விண்ணப்பத்திலும் கற்கை நோக்கம், தன்விளக்கம் என இரண்டு பகுதிகள் உள்ளன. இவ்வாறு இரண்டு கேட்கப்படும் இடத்தில், தொழில் மாற்றத்திற்கான கல்விசார் காரணம் நோக்கக் கூற்றிலும், அதற்கு உங்களை இட்டுவந்த வாழ்க்கைச் சூழல் மற்றதிலும் அமைய வேண்டும். ஒரே பந்தியை இரண்டிலும் ஒட்டிவிட்டால், வாசிப்பவர் அதைச் சில நிமிடங்களில் கண்டுகொள்வார்.

புலமைப்பரிசில் விண்ணப்பங்களின் பார்வை வேறு. பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் குறைந்தது 2,800 மணித்தியால வேலை அனுபவத்தைக் கேட்பதோடு, தலைமைத்துவம், தொடர்புகளை வளர்த்தல், பிரித்தானியாவில் கற்பதற்கான காரணம், எதிர்காலத் தொழில் திட்டம் ஆகியவை பற்றித் தனித்தனியாக எழுதச் சொல்கிறது; படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கு உண்டு. ஆகவே அங்கே உங்கள் மாற்றம் இலங்கைக்கு எவ்வகையில் பயன்படும் என்பது முன்னுக்கு வர வேண்டும்.

அவுஸ்திரேலியாவிற்கு விண்ணப்பிப்போர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 2024 மார்ச் 23 முதல் அந்நாட்டின் மாணவர் வீசாவிற்கு 'உண்மையான மாணவர்' என்ற தேவைப்பாடு நடைமுறையில் உள்ளது. இந்தப் பாடநெறியை ஏன் தெரிவுசெய்தீர்கள், அது உங்களுக்கு எவ்வாறு பயன்படும் என்ற கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகளை எழுத வேண்டும். முன்னைய படிப்புக்கும் புதிய பாடநெறிக்கும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் விண்ணப்பத்தை வீசா அதிகாரி கூர்ந்து பார்ப்பது இயல்பு. பல்கலைக்கழகத்திற்கு ஒரு காரணத்தையும் வீசாவிற்கு வேறொரு காரணத்தையும் எழுதியவர்கள் தங்களைத் தாங்களே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உள்ளூர் முதுமாணித் திட்டங்கள் பலவற்றில் நீண்ட கூற்றைவிட நேர்முகத் தேர்விலேயே இந்தக் கேள்வி எழும். அதற்கும் கீழே சொல்லப்படும் ஆயத்தம் அப்படியே பொருந்தும்.

இரண்டாம் படி: எழுதுவதற்கு முன் திரட்ட வேண்டியவை

கூற்றை எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்றுத் தாளில் மூன்று நிரல்களை வரையுங்கள். முதலாவதில் இதுவரை நீங்கள் செய்த வேலைகளைப் பதவிப் பெயராக எழுதாமல், கையால் செய்த செயல்களாக எழுதுங்கள். 'சிரேஷ்ட நிறைவேற்று அதிகாரி' என்பதிலிருந்து யாருக்கும் எதுவும் விளங்காது. 'மாதந்தோறும் சிறு வியாபாரக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்து, கடைகளுக்கு நேரில் சென்று கணக்குப் புத்தகங்களைப் பார்த்தேன்' என்பது விளங்கும். இரண்டாவதில், அந்தச் செயல்களின் போது உங்களுக்கு விடை கிடைக்காமற்போன கேள்விகளை எழுதுங்கள். மூன்றாவதில், அந்தக் கேள்விகளுக்காக நீங்கள் சொந்த முயற்சியில் வாசித்தவை, கற்றவை, செய்தவை, சந்தித்த மனிதர்கள் ஆகியவற்றை ஆண்டு, மாதத்தோடு எழுதுங்கள்.

மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால், இவ்வாண்டு விண்ணப்பிப்பதா என்பதை மீண்டும் யோசிக்க வேண்டும். இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொற்திறன் எவ்வளவு இருந்தாலும், செயலே இல்லாத ஆர்வத்தைத் தெரிவுக்குழு நம்புவதில்லை. ஆறு மாதங்கள் பிந்தினாலும், மாலை வகுப்பு ஒன்றையாவது முடித்துவிட்டு எழுதும் கூற்று பெருமளவு வலிமையாக இருக்கும்.

மூன்றாம் படி: பழைய வேலை எழுப்பிய கேள்வியைக் கண்டுபிடித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். வலுவான தொழில் மாற்றக் கூற்றுகளின் நடுவே பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும்: பழைய தொழில் எழுப்பிய, ஆனால் பழைய தொழிலின் கருவிகளால் விடை காண முடியாத கேள்வி. அந்தக் கேள்வி கிடைத்துவிட்டால், 'ஏன் மாறினீர்கள்' என்பதற்குத் தனியே விளக்கம் எழுத வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. பழைய வேலையும் புதிய படிப்பும் ஒரே தேடலின் முன்பகுதியும் பின்பகுதியுமாக வாசகருக்குத் தோன்றும்.

வங்கி உத்தியோகத்தரின் நிலையை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதும் வரைவு அநேகமாக இவ்வாறு இருக்கும்: 'வங்கித் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின்னர், என் உண்மையான ஆர்வம் தரவு விஞ்ஞானத்தில் இருப்பதை உணர்ந்தேன். இன்றைய உலகில் தரவு மிக முக்கியமானது. ஆகவே உலகப் புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் இதைக் கற்க விரும்புகிறேன்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். 'உணர்ந்தேன்' என்ற சொல், எதைப் பார்த்து உணர்ந்தார் என்பதைச் சொல்லாமலே கடந்துவிடுகிறது.

அதே மனிதர் தம் இரண்டாவது நிரலைப் பார்த்துவிட்டு எழுதினால் இவ்வாறு அமையலாம்: 'புறக்கோட்டைக் கிளையொன்றில் சிறு வியாபாரக் கடன்களை மதிப்பிடுவது என் பணியாக இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அடுத்து வந்த மாதங்களில், எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரே தரத்தைப் பெற்றிருந்த இரண்டு வியாபாரிகளுள் ஒருவர் தவணையைத் தவறாமல் கட்டினார்; மற்றவர் கடையை மூடினார். படிவம் பிணையாக வைத்த காணியின் பெறுமதியைக் கேட்டது. சரக்கு எத்தனை நாட்களில் விற்றுத் தீர்கிறது என்பதைக் கேட்கவில்லை. எந்தத் தகவல் முன்கூட்டியே எங்களுக்கு எச்சரிக்கை தந்திருக்கும் என்ற கேள்விக்கு விடை தேடியே நான் புள்ளிவிபரவியலைக் கற்கத் தொடங்கினேன்.'

இந்தப் பந்தியில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆயினும் ஆர்வம் தெரிகிறது. வங்கி அனுபவம் வீணாகவில்லை என்பது தெரிகிறது. புதிய துறை எதற்குப் பயன்படும் என்பதை அவர் அறிந்திருப்பதும் தெரிகிறது. வெளிநாட்டில் இருந்து வாசிக்கும் ஒருவருக்கு இலங்கையின் 2022ஆம் ஆண்டு நெருக்கடி பற்றி விரிவுரை நடத்தவில்லை; ஒரு வாக்கியத்தில் வேண்டிய அளவு தந்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

பொறியியலாளரின் கேள்வி வேறு இடத்தில் இருக்கும். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, கடுவலைப் பகுதிகள் நீரில் மூழ்கின. வடிகால் வேலையில் ஈடுபட்டிருந்த ஒருவர், கால்வாயின் கொள்ளளவைக் கணக்கிடத் தமக்குத் தெரிந்திருந்தும், கால்வாய் ஓரத்துத் தாழ்நிலங்களை நிரப்பிக் கட்டுவதற்கான அனுமதி எவ்வாறு வழங்கப்படுகிறது, அதை எந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பது தெரியாமல் நின்றிருக்கலாம். அவருடைய கேள்வி பொறியியலுக்குள் தொடங்கி நிருவாகத்திற்குள் போய் முடிகிறது. பொதுக் கொள்கை அல்லது நகரத் திட்டமிடல் படிக்க இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை. ஆசிரியையின் கேள்வியோ மிகச் சிறியதாகவும் இருக்கலாம்: வாய்மொழியாகச் சரியாக விடை சொல்லும் பிள்ளை, தாளில் ஏன் ஒரு வரியும் எழுதாமல் இருக்கிறது? கேள்வி பெரியதாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கிடைத்த கேள்வியை இரண்டு வழிகளில் சோதித்துப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பவரும் அதை அப்படியே எழுதியிருக்க முடியுமென்றால், அது இன்னும் பொதுவாகவே இருக்கிறது. இன்னும் உள்ளே போங்கள். அடுத்து, நீங்கள் விண்ணப்பிக்கும் பாடநெறியின் பாடங்களில் ஏதாவது இரண்டு அந்தக் கேள்விக்கு நேரடியாக உதவுமா என்று பாருங்கள். உதவாதென்றால் கேள்வி தவறாக இருக்கலாம், அல்லது நீங்கள் தவறான பாடநெறிக்கு விண்ணப்பிக்கிறீர்கள். பின்னையதை இப்போதே கண்டுகொள்வது பெரிய பணச் செலவிலிருந்து உங்களைக் காக்கும்.

நான்காம் படி: விலகிய காரணங்களில் எதைச் சொல்வது, எதை விடுவது

ஒருவர் தொழில் மாறுவதற்குப் பின்னால் ஒரே காரணம் இருப்பது அரிது. சம்பளம் போதவில்லை, மேலதிகாரியோடு ஒத்துவரவில்லை, நெருக்கடிக் காலத்தில் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது, வெளிநாடு போக வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. இவையெல்லாம் உண்மையான காரணங்களே. கூற்றில் உண்மைக்கு மாறாக எதையும் எழுதக்கூடாது. அதேவேளை உண்மையான காரணங்கள் அனைத்தையும் எழுத வேண்டிய கடமையும் இல்லை. படிப்போடு தொடர்புள்ள உண்மையைத் தெரிந்தெடுத்து எழுதுவது நேர்மையானதே.

சம்பளத்தைக் காரணமாகக் காட்ட வேண்டாம். முன்னாள் நிறுவனத்தையோ மேலதிகாரியையோ குறை கூறும் ஒரு சொல்லும் வேண்டாம், குறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும். வாசிப்பவருக்கு மறுபக்கம் தெரியாது, நீங்கள் நாளை தம்மைப் பற்றியும் அவ்வாறு எழுதுவீர்களோ என்ற ஐயமே மிஞ்சும். ஆட்குறைப்பால் வேலை போனதென்றால், அதைக் கூச்சமின்றி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள். 2020இல் பெருந்தொற்றும் 2022இல் பொருளாதார நெருக்கடியும் இந்நாட்டில் எத்தனையோ பேரின் வேலையைக் குலைத்தன. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நம் நாட்டுக்கே உரிய ஒரு காரணம் தனியாகக் கவனிக்கத்தக்கது. உயர்தரத்தில் எந்தப் பிரிவில் படிப்பது என்பதைப் பல வீடுகளில் பெற்றோரே முடிவுசெய்கிறார்கள்; அதன்பின் எந்தப் பீடம் கிடைக்கும் என்பதை இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் முடிவுசெய்கின்றன. பதினாறு வயதில் எடுத்த முடிவு பல ஆண்டுகள் கழித்துப் பட்டமாக வந்து நிற்கிறது. வெளிநாட்டுத் தெரிவுக்குழுவிற்கு இந்த முறைமை தெரியாது. தான் விரும்பிய பாடத்தை மாணவர் தாமே தெரிவுசெய்திருப்பார் என்றே அது எண்ணும். எனவே இது உங்கள் கதையில் உண்மையாகவே முக்கியமென்றால், 'இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதி, தேசியப் பரீட்சைப் புள்ளியையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் பொறுத்தது. எனக்குக் கிடைத்த இடம் உயிரியல் விஞ்ஞானத்தில்' என்று தகவலாக மட்டும் எழுதுங்கள். பெற்றோர் கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுத வேண்டாம். அது அவர்களுக்கும் நியாயமாகாது, உங்களையும் முடிவெடுக்கத் தெரியாதவராகக் காட்டும். கிடைத்த படிப்பை ஒழுங்காக முடித்ததே உங்கள் பொறுப்புணர்வுக்குச் சான்று.

போர், இடப்பெயர்வு, குடும்பத்தில் நிகழ்ந்த இழப்பு ஆகியவை பற்றி எழுதுவதா என்று பலர் கேட்கிறார்கள். அவை உங்கள் துறைத் தெரிவோடு நேரடியாகத் தொடர்புபட்டிருந்தால் எழுதுங்கள். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலமே ஒருவரைப் பொதுச் சுகாதாரத்தின் பக்கம் திருப்பியிருக்கலாம். தொடர்பில்லாதபோது, இரக்கத்தைப் பெறுவதற்காக அவற்றைக் கொண்டுவர வேண்டாம். எழுதுவதற்கு மனம் ஒப்பாத எதையும் எழுதும்படி எந்தப் பல்கலைக்கழகமும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஐந்தாம் படி: தாங்குவீர்கள் என்பதற்குச் சான்று

புதிய துறையின் முதல் தவணையிலேயே நீங்கள் தடுமாறிவிடுவீர்களோ என்பதுதான் தெரிவுக்குழுவின் உண்மையான கவலை. ஆகவே அந்தத் துறை எதை முன்னறிவாக எதிர்பார்க்கிறது என்பதைத் துல்லியமாகக் கண்டறியுங்கள். கணினி விஞ்ஞானத்திற்குத் தரவுக் கட்டமைப்புகள், வழிமுறைகள், தொடர்ச்சியற்ற கணிதம். தரவு விஞ்ஞானத்திற்கு நிகழ்தகவு, நேரியல் அட்சரகணிதம், பைதன் அல்லது ஆர் என்ற நிரல்மொழியில் பயிற்சி. பொருளியலுக்கு நுண்கணிதமும் புள்ளிவிபரவியலும். இவற்றில் உங்களிடம் உள்ளவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இல்லாதவற்றை இணையவழியாகவோ, நாவலவில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் குறுங்காலப் பாடநெறி ஒன்றிலோ கற்க வழி உண்டா என்று பாருங்கள். பரீட்சையும் புள்ளியும் உள்ள ஒரு பாடநெறி, வெறுமனே காணொளி பார்த்து முடித்த பத்துச் சான்றிதழ்களைவிட மேலானது.

வேறு துறையினருக்காகவே வடிவமைக்கப்பட்ட முதுமாணிகளும் உண்டு. பிரித்தானியாவில் இவற்றைக் கன்வெர்ஷன் பாடநெறிகள் என்பார்கள். கணினி விஞ்ஞானம், உளவியல் போன்றவற்றில் இவை பரவலாக உள்ளன. உளவியலில் சேர்வோர், அப்பாடநெறி பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கு மேற்கொண்டு தொழில்முறை உளவியலாளராகப் பயில்வதற்கு அந்த அங்கீகாரமே வாசல். இத்தகைய பாடநெறிக்கு எழுதும்போது முன்னறிவை நிரூபிப்பதில் அளவுக்கு மீறி இடம் செலவிடத் தேவையில்லை. பழைய அனுபவம் என்ன கொண்டுவரும் என்பதற்கு அந்த இடத்தைக் கொடுங்கள்.

செய்து பார்த்த வேலையே சிறந்த சான்று. ஆனால் ஓர் எச்சரிக்கை: வங்கியின் வாடிக்கையாளர் தரவையோ, மருத்துவமனைப் பதிவுகளையோ, நிறுவனத்தின் உள்ளக அறிக்கைகளையோ வீட்டுக்கு எடுத்துவந்து ஆராய்ந்ததாக எழுதினால், அது உங்கள் திறமைக்கு முன் உங்கள் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கும். பொதுவில் கிடைக்கும் தரவைக் கொண்டு செய்யுங்கள், அல்லது எழுத்தில் அனுமதி பெற்றுச் செய்து, அனுமதி பெற்றதையும் குறிப்பிடுங்கள்.

ஆறாம் படி: பாடநெறியோடு பொருத்துதல்

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பல்கலைக்கழகத்தின் புகழையும் தரவரிசையையும் அதற்கே எழுதி அனுப்ப வேண்டாம். பாடவிதானத்தைத் திறந்து, உங்கள் கேள்விக்கு உதவும் இரண்டு அல்லது மூன்று பாடங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் உதவும் என்று எழுதுங்கள். ஆய்வுசார் பட்டமென்றால் ஒரு பேராசிரியரின் அண்மைய கட்டுரையை முழுமையாக வாசித்துவிட்டே அவர் பெயரைச் சொல்லுங்கள். கூற்றில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி வேறிடத்திற்கு அனுப்ப முடியுமென்றால், இந்தப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.

ஏழாம் படி: ஒழுங்கும் அளவும்

1,000 சொற்கள் கொண்ட கூற்றுக்கு நான் பரிந்துரைக்கும் அளவு இது: பழைய வேலையும் அதில் எழுந்த கேள்வியும் ஏறத்தாழ 250 சொற்கள், அந்தக் கேள்விக்காக இதுவரை செய்தவை 350, இந்தப் பாடநெறி ஏன் என்பது 250, படிப்புக்குப் பின் என்ன என்பது 150. ஏன் விலகினீர்கள் என்பதற்குத் தனி ஒதுக்கீடு இல்லை என்பதைக் கவனியுங்கள். அது முதற்பகுதிக்குள் ஓரிரு வாக்கியங்களில் அடங்கிவிட வேண்டும். மாற்றத்தை மூன்றாவது பந்திவரை ஒளித்து வைக்க வேண்டாம். உங்கள் சுயவிபரக்கோவையை ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒருவரே கூற்றை வாசிக்கிறார். அவர் மனத்தில் உள்ள கேள்விக்கு முதற்பந்தியிலேயே விடை தொடங்க வேண்டும்.

தொடக்க வாக்கியத்தில் நம்மவர் பலர் பாடசாலைக் கட்டுரைப் பழக்கத்திற்கே திரும்பிவிடுகிறார்கள். 'சிறு வயதிலிருந்தே' என்ற தொடக்கம் தொழில் மாறுபவருக்குப் பொருந்தவே பொருந்தாது; சிறு வயதிலிருந்தே விருப்பம் என்றால் இத்தனை ஆண்டுகள் ஏன் வேறொன்றைச் செய்தீர்கள் என்று வாசிப்பவர் உடனே கேட்பார். பொன்மொழியும் வேண்டாம், திருக்குறளும் வேண்டாம். அந்த இரண்டு வரிகளும் உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் 'எங்கள் குழு அந்தத் திட்டத்தை நிறைவேற்றியது' என்று எழுதிவிட்டு, அதில் தம் பங்கு என்னவென்று சொல்லாமலே விட்டுவிடுகிறோம். இந்தக் கூச்சத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கு வேறு வழி காணலாம். 'நான் சிறந்த தலைவர்' என்று எழுதாதீர்கள். 'ஐந்து பேர் கொண்ட குழுவில் கிளைகளுக்கான பயிற்சியை நான் நடத்தினேன்' என்று எழுதுங்கள். செயலைச் சொல்வது பெருமையாகாது.

எதிர்காலத் திட்டத்தை எழுதும்போது முதல் மூன்று ஆண்டுகளைத் தெளிவாகவும், அதற்கு அப்பாற்பட்டதை ஒரு திசையாக மட்டும் எழுதினால் போதும். நாட்டையே மாற்றப்போவதாக எழுதுவதைவிட, எந்த வகையான நிறுவனத்தில் எந்த வகையான வேலையைத் தேடுவீர்கள் என்று எழுதுவது நம்பத்தக்கது.

எட்டாம் படி: இடைவெளியும் குறைந்த புள்ளிகளும்

வேலைக்கும் படிப்புக்கும் இடையில் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட வெற்றுக் காலம் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை வளர்ப்பு, பெற்றோரின் நோய், சொந்த உடல்நலம் என்று எதுவாக இருந்தாலும் ஒரு வாக்கியம் போதும். முதற்பட்டத்தில் புள்ளிகள் குறைவென்றால், விண்ணப்பப் படிவத்தில் மேலதிகத் தகவலுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விளக்கத்தை அங்கே எழுதி, கூற்றில் அண்மையில் பெற்ற நல்ல புள்ளிகளை மட்டும் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: மற்ற ஆவணங்களும் அதையே சொல்ல வேண்டும்

தொழில் மாறுபவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் இரட்டைச் சிக்கல். பழைய விரிவுரையாளருக்கு உங்கள் புதிய விருப்பம் தெரியாது. மேலதிகாரிக்கு நீங்கள் விலகப்போவதே தெரியாமல் இருக்கலாம். கேள்வியையும் கூற்றின் வரைவையும் பரிந்துரை தருபவருக்கு முன்கூட்டியே அனுப்பி, உங்களிடம் அவர் கண்ட எந்தப் பண்பு புதிய படிப்புக்கு உதவும் என்று எழுதும்படி பணிவுடன் கேளுங்கள். மேலதிகாரியிடம் கேட்பது வேலைக்கு ஆபத்தாகுமென்றால், முன்பு உங்களோடு பணியாற்றி இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கும் மூத்தவர் ஒருவரை நாடலாம். சுயவிபரக்கோவையிலும் திகதிகள், பதவிகள் யாவும் கூற்றோடு ஒத்துப்போக வேண்டும்; ஒரு மாத வேறுபாடும் தேவையற்ற ஐயத்தைக் கிளப்பும்.

பத்தாம் படி: யாருடைய கையால் எழுதப்படுகிறது

காலி வீதி நெடுகிலும் வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையங்கள் உள்ளன. அவற்றில் பொறுப்போடு வழிகாட்டுவோரும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே மாதிரிக் கூற்றைப் பெயரை மாற்றிப் பலருக்கும் கொடுக்கும் வழக்கமும் உண்டு. விண்ணப்பங்களின் ஒப்புமையை மென்பொருளால் சோதிக்கும் பல்கலைக்கழகங்கள் பல. பிடிபட்டால் இழப்பு முகவருக்கு அல்ல, உங்களுக்கு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பொறுத்தவரை, நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் விதியை வாசித்து அதற்குக் கீழ்ப்படியுங்கள். விதி அனுமதித்தாலும், அத்தகைய செயலி தரும் வரைவில் மூன்றாம் படியில் நாம் தேடிய கேள்வி இருக்காது. அது உங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் உள்ளவர்கள் முதல் வரைவைத் தமிழில் எழுதிப் பார்ப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன். எண்ணம் தெளிவாகும்வரை மொழியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தெளிந்தபின் ஆங்கிலத்தில் புதிதாக, குறுகிய வாக்கியங்களில் எழுதுங்கள்; வரிக்கு வரி பெயர்க்க வேண்டாம். முடித்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள்: புதிய துறையில் இருக்கும் ஒருவர், உங்கள் இரு துறைகளையும் அறியாத ஒருவர். முதலாமவர் துறைசார் பிழைகளைக் கண்டுபிடிப்பார். இரண்டாமவரிடம், நான் ஏன் மாறுகிறேன் என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்காமல் சொன்னால் கூற்று தன் வேலையைச் செய்துவிட்டது.

சமர்ப்பிக்கும் வாரம்

இணையப் படிவங்கள் சில சொற்களை எண்ணும், சில எழுத்துகளை எண்ணும். இடைவெளிகளும் எழுத்துகளாகக் கணக்கில் வருவதுண்டு. படிவத்தில் ஒட்டிய பின் கடைசி வாக்கியம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள், ஒவ்வொரு கோப்பிலும் சரியான பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்பதை உரத்து வாசித்து உறுதிசெய்யுங்கள். இறுதித் திகதி எந்த நாட்டு நேரப்படி என்பதையும் கவனியுங்கள். கிரீன்விச் நேரம் இரவு 11.59 என்றால் கொழும்பில் மறுநாள் அதிகாலை 5.29, டிசம்பரில் நியூயோர்க் நேரம் இரவு 11.59 என்றால் இங்கே மறுநாள் காலை 10.29. அந்த மேலதிக மணித்தியாலங்களை நம்பியிராமல், பரிந்துரைக் கடிதங்கள் வந்து சேர்ந்தனவா என்பதை ஒரு வாரம் முன்பே சரிபார்த்து, இரண்டு நாட்களுக்கு முன்னரே சமர்ப்பித்துவிட்டு, சமர்ப்பித்த கூற்றின் பிரதியொன்றைப் பாதுகாத்து வையுங்கள். நேர்முகத்திற்கு அழைப்பு வந்தால், அவர்கள் கேள்வி கேட்கப்போவது அந்தப் பிரதியிலிருந்துதான்.